கொட்சில்லா படத்தில் அந்த வெள்ளைக்காரச் செய்தியாளர் எங்கே போனார்?

கோண்டாவில் ஒழுங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு படத்தைப் பற்றிய சந்தேகத்தோடு வந்திருக்கிறேன். பிழை படத்தில் இருக்கிறதா, என் ஞாபகத்தில் இருக்கிறதா என்பதே எனக்கு இப்போது விளங்கவில்லை.

1993ஆம் ஆண்டு எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. ஒழுங்கையில் உள்ள வீடுகள் காசு சேர்த்து, ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று படங்கள் ஓட்டுவது அந்நாள் வழக்கம் என்பது இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். வெளிச்சம் வானத்துக்குத் தெரியாதபடி யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, ஜெனரேற்றரைச் சத்தம் கேட்காத தூரத்தில் கோடிப்பக்கம் வைத்து, பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அன்று முதல் இரண்டும் தமிழ்ப் படங்கள். மூன்றாவதாக, டெக் கொண்டுவந்தவரிடம் வேறு கசற் இல்லாததால், கறுப்பு வெள்ளையில் ஓர் ஆங்கிலப் படம் ஓடியது. பெரியவர்கள் அனேகமாக நித்திரைக்குப் போய்விட்டார்கள். சிறுவர்களாகிய நாங்களும், தபாற் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு மாமாவும் மிஞ்சினோம். எங்களுக்கு ஆங்கிலம் விளங்காது என்பதால் அவர் ரிவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது இதுதான். இடிந்து கிடக்கும் ஒரு நகரத்தோடு படம் தொடங்கியது. இடிபாட்டுக்குள்ளிருந்து தடித்த உடம்புள்ள ஒரு வெள்ளைக்காரரை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் செய்தியாளர் என்றும், அவர்தான் நடந்ததைச் சொல்கிறார் என்றும் மாமா சொன்னார். பிறகு மலைக்கு மேலால் அந்த மிருகத்தின் தலை எழும்பியபோது நான் பக்கத்தில் இருந்தவனின் கையைக் கடித்துவிட்டேன். இறுதியில் இரண்டு பேர் சுழியோடும் உடுப்புடன் கடலுக்குள் இறங்கும் இடத்தில் மண்ணெண்ணெய் முடிந்து ரிவி அணைந்துபோனது. விளக்கைக் கொளுத்திவைத்துவிட்டு மீதியை மாமா வாயால் சொல்லி முடித்தார். அந்த மிருகம் சாகவில்லை, கடலின் அடிக்குத் திரும்பிப்போய்ப் படுத்திருக்கிறது, திரும்பவும் வரும் என்பதே அவர் சொன்ன முடிவு. அப்பா அந்தப் போர் நாட்களில் வியாபார அலுவலாக, குடாநாட்டிலிருந்து வெளியே போகும் வழியாயிருந்த கிளாலிக் கடலால் இரவில் போட்டில் போய்வருபவர். அதற்குப் பிறகு அவர் போன ஒவ்வோர் இரவும் எனக்குப் பயம் இரட்டிப்பானது.

சென்ற மாதம், 2023இல் வெளியான ‘கொட்சில்லா மைனஸ் வன்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்த என் மகள் பழைய படத்தைக் கேட்டாள். அவளுக்குக் காட்டுவதற்கு முன் நான் ஒருமுறை பார்ப்போம் என்று 1954ஆம் ஆண்டுப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த வெள்ளைக்காரர் எங்குமே இல்லை. படம் இடிந்த நகரத்தில் தொடங்கவும் இல்லை. கடலில் ஒரு கப்பல் எரிவதில் தொடங்குகிறது. முடிவில் அந்த மிருகம் எலும்பும் மிஞ்சாமல் அழிந்துபோகிறது. நான் பார்த்தது வேறு படமா? அல்லது மாமா ரிவிக்குப் பக்கத்தில் இருந்து சொன்னதை நானே ஒரு வெள்ளைக்காரராக மாற்றித் திரையில் ஏற்றிவிட்டேனா? பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா என்பதையும் பார்த்தவர்கள் சொல்லவும்.

---

வடலி எழுதியது:

உங்கள் ஞாபகத்தில் பிழையில்லை ஐயா. நீங்கள் சிறுவயதில் பார்த்தது ஒரு படம், இப்போது பார்த்தது இன்னொரு படம். இரண்டிலும் முக்கால்வாசிக் காட்சிகள் பொதுவானவை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

மூலப்படம் ஜப்பானில் 1954 நவம்பர் 3ஆம் திகதி வெளியானது. இயக்கியவர் இஷிரோ ஹொண்டா. 96 நிமிடங்கள் ஓடும். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதை வாங்கி, ஏறத்தாழ 80 நிமிடங்களாக வெட்டிச் சுருக்கி, ரேமண்ட் பர் என்ற நடிகரைச் செய்தியாளராக வைத்துப் புதிய காட்சிகள் எடுத்து இடையிடையே ஒட்டி, 1956இல் வெளியிட்டது. அவர் பேசிக்கொண்டிருக்கும் ஜப்பானியப் பாத்திரங்களைக் கவனித்துப் பார்த்தால் அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது தெரியும். மூலப்படத்தின் நடிகர்கள் அங்கே இல்லாததால், அவர்களைப் போன்ற தலைமயிரும் உடுப்பும் உள்ள வேறு ஆட்களை நிறுத்தி எடுத்தார்கள். இடிபாட்டில் தொடங்கிப் பின்னோக்கிக் கதை சொல்வதும் அந்தப் பதிப்பின் வேலைதான். பல தசாப்தங்களாக ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலானோர் பார்த்தது அதைத்தான். மூலப்படம் வெட்டப்படாமல் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் பரவலாக வந்ததே 2004இல். எனவே 1993இல் கோண்டாவிலுக்கு வந்து சேர்ந்த கசற் அமெரிக்கப் பதிப்பாக இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் வெட்டியது எதை என்று பார்க்க வேண்டும். 1954 மார்ச் 1ஆம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றை வெடித்துப் பரிசோதித்தபோது, தடைசெய்த எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. கப்பலில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள்; அதன் வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டெம்பரில் இறந்தார். அவர் இறந்து ஆறு கிழமைக்குள் இந்தப் படம் திரைக்கு வந்துவிட்டது. படத்தின் தொடக்கத்தில், கடலில் கண்ணைக் கூசும் வெளிச்சம் எழும்பிக் கப்பல் எரிவதைப் பார்த்த ஜப்பானியருக்கு அது எந்தக் கப்பல் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ரயிலில் போகும் மூவர் பேசிக்கொள்ளும் ஒரு சிறு காட்சி மூலத்தில் உண்டு. சூரை மீனில் நஞ்சு, மழையில் நஞ்சு, இப்போது கொட்சில்லாவுமா என்று அலுத்துக்கொள்கிறார்கள். நாகசாகியில் தப்பிவந்த உயிர் இது என்கிறாள் அந்தப் பெண். மறுபடியும் இடம்பெயர வேண்டுமா என்று ஒருவர் சலித்துக்கொள்கிறார். அமெரிக்கப் பதிப்பில் இந்த உரையாடல் இல்லை.

முடிவைப் பொறுத்தவரை, இரண்டிலுமே கொட்சில்லா அழிந்துதான் போகிறது. செரிசாவா என்ற விஞ்ஞானி, தன் கண்டுபிடிப்பு அடுத்த அணுகுண்டாகிவிடும் என்று அஞ்சிக் குறிப்புகளை எரித்துவிட்டு, கடலுக்கடியில் தன் காற்றுக் குழாயையும் தானே அறுத்துக்கொள்கிறார். வேறுபாடு அதற்குப் பின்னால் வருகிறது. மூலத்தில் வயதான பேராசிரியர் யமானே, இது கடைசிக் கொட்சில்லாவாக இருக்கும் என்று தான் நினைக்கவில்லை, பரிசோதனைகள் தொடர்ந்தால் உலகின் எங்கோ ஒரு மூலையில் இன்னொன்று எழும்பும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வதோடு படம் முடிகிறது. அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பேச்சை எடுத்துவிட்டு, ஆபத்து நீங்கியது, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று செய்தியாளர் சொல்வதாக முடித்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் மாமாவை யோசித்துப் பாருங்கள். கசற்றில் இல்லாத முடிவை அல்லவா அவர் சொல்லியிருக்கிறார்? அவர் மூலப்படத்தைப் பார்த்திருக்க வழியில்லை. ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்த தலைமுறை என்றாலும் அங்கும் வந்திருக்கக்கூடியது வெட்டிய பதிப்புத்தான். மண்ணெண்ணெய் முடிந்த இருட்டில் தனக்குச் சரியென்று பட்டதை அவர் சொல்லியிருக்கிறார். அது ஹொண்டா சொன்னதற்குக் கிட்ட வந்துவிட்டது.

ஒரு குறை சொல்லாமல் விட மனமில்லை. பேராசிரியர் யமானே நாடாளுமன்றக் குழுவின் முன் யுராசிக் காலம் இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது என்கிறார். உண்மையில் அந்தக் காலம் முடிந்தே பதினாலரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. விலங்கியல் படிப்பித்த எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் சிவப்புப் பேனையைத் தேடும் கை எழும்புகிறது. மற்றபடி, றப்பர் உடுப்புக்குள் ஆள் நிற்பது தெளிவாகத் தெரிவதால் இந்தக் காலத்துப் பிள்ளை பயப்படமாட்டாள், சிரிப்பாள். தாராளமாகக் காட்டலாம்.

---

கரவெட்டியான் எழுதியது:

கொட்சில்லாவின் உயரம் ஐம்பது மீற்றர் என்று படத்தில் சொல்கிறார்கள். கிளாலிக் கடலில் பல இடங்களில் இறங்கிப் போட்டைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறோம். தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. அங்கே அது ஒளிப்பதென்றால் குப்புறப் படுத்தாலும் முதுகு வெளியில் தெரியும். உங்கள் அப்பாவுக்கு வேறு ஆபத்துகள் இருந்தன, இது இருக்கவில்லை என்று பிந்தியாவது ஆறுதல் கொள்ளுங்கள்.

---

தாதி அக்கா எழுதியது:

வடலி ஐயா படத்தின் வரலாற்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், அதற்கு நன்றி. பிள்ளை சிரிப்பாள், தாராளமாகக் காட்டுங்கள் என்று அவர் கடைசியில் சொன்னதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் தாதியாக வேலை செய்தவள். அதில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்திலும் இடம்பெயர்ந்த பிறகு தென்மராட்சியிலும் கழிந்தது. இந்தப் படத்தை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்ததாக நினைவு. ஒரு பெரிய பல்லி பாலங்களை உடைத்தது என்பதற்கு மேல் அதில் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு கனடாவில் இருக்கும் மகன் வீட்டில் மூலப்படத்தைப் பார்த்தேன். அந்த மிருகம் டோக்கியோவை எரித்துவிட்டுப் போன மறுநாட் காலை ஆஸ்பத்திரியைக் காட்டுகிறார்கள். விறாந்தையில் நிலத்தில் ஆட்களைக் கிடத்தியிருக்கிறார்கள். கட்டில் காணாத நாளில் விறாந்தை எப்படி இருக்கும் என்பது படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நடந்து போகிறவர்கள் காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். ஒரு சிறு பிள்ளைக்கு முன்னால் கதிரியக்கம் அளக்கும் கருவியைப் பிடிக்கிறார் ஒருவர், அது கரகரக்கிறது, அவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டுகிறார், அவ்வளவுதான். பிள்ளைக்குக் காயம் எதுவும் இல்லை, அழவும் இல்லை. அந்தத் தலையாட்டலை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன், எத்தனை முறை நானே செய்திருக்கிறேன் என்று எண்ண விரும்பவில்லை. அந்த இடத்தில் எழுந்துபோய்த் தேநீர் போட்டேன்.

அதற்கு முதல் நாள் இரவுக் காட்சியில், எரியும் தெருவில் ஒரு கட்டடத்தின் அடியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குந்தியிருக்கும் தாய் ஒருத்தி, கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடலாம் என்று அவர்களுக்குச் சொல்கிறாள். அந்த அப்பா போரில் இறந்தவர் என்று படத்தில் ஒருவரும் விளக்குவதில்லை. படம் வந்தபோது போர் முடிந்து ஒன்பது வருடங்கள்தான். பார்க்கப் போனவர்களில் எத்தனையோ பேர் அப்படிக் குந்தியிருந்தவர்களாக இருந்திருப்பார்கள்.

ஆகவே உடுப்புக்குள் ஆள் தெரிகிறதா இல்லையா என்பது எனக்குப் பொருட்டாகப் படவில்லை. பிள்ளை மிருகத்துக்குப் பயப்படமாட்டாள் என்பது உண்மைதான், மற்றதைக் கேட்பாள். கேட்டால் சொல்வதற்கு உங்களுக்கு மனம் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் பொறுக்கலாம்.

---

சூரன் தூக்கி எழுதியது:

உடுப்புக்குள் ஆள் நிற்பதைப் பற்றி இருவரும் சொன்னதற்கு நடுவில் நான் நிற்கிறேன். எங்கள் கோயிலில் கந்தசஷ்டிக்குச் சூரன் தூக்குபவன் நான். என் பெயரைப் பார்த்தே விளங்கியிருக்கும்.

இந்தப் படத்தின் விசேட காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா, 1933ஆம் ஆண்டின் ‘கிங் கொங்’ படத்தைப் பார்த்து மயங்கி இந்தத் தொழிலில் முனைந்தவர். அதில் செய்ததுபோல் சிறு பொம்மையைத் துளித்துளியாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுக்கத்தான் அவருக்கு விருப்பம். ஆனால் அதற்குப் பல வருடங்கள் செல்லும், கையிலிருந்ததோ சில மாதங்கள். எனவே ஏறத்தாழ நூறு கிலோ பாரமுள்ள உடுப்பைச் செய்து, ஹருவோ நகஜிமா என்ற நடிகரை உள்ளே இறக்கி, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோவுக்குள் நடக்கவிட்டார்கள். கமராவை வேகமாக ஓட்டி எடுத்து, வழமையான வேகத்தில் திரையில் காட்டும்போது அசைவு மந்தமாகிப் பாரம் கூடிவிடும். மின்சாரக் கோபுரங்கள் உருகி வளையும் காட்சிக்கு அவற்றை மெழுகில் செய்திருக்கிறார்கள். அந்த உறுமல் எந்த மிருகத்தின் குரலும் அல்ல. இசையமைத்த அகிரா இபுகுபே, குங்கிலியம் போன்ற பிசின் தடவிய தோற்கையுறையால் பெரிய வயலின் போன்ற ஒரு வாத்தியத்தின் தந்திகளை உராயச் செய்து எடுத்த சத்தம் அது.

சூரனும் அப்படித்தான். முழுக்க மரம். கீழே கொம்பில் நாங்கள் இருபது பேர் தோள் கொடுத்து வேர்த்து விறுவிறுத்து ஓடுவது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனைத் தலையைக் கழற்றிச் சிங்கத் தலையைப் பூட்டுவதும் வீதியில், எல்லோர் முன்னாலும்தான். இருந்தும் முருகனுக்கு எதிரே மூன்று முறை ஓடிப்போய்த் திரும்பித் தலையைச் சிலுப்பினால் முன்வரிசையில் நிற்கும் சின்னப் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஓடுகின்றன. அதே பிள்ளை பத்து வயதில் எங்கள் முகத்தை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கும். இருபது வயதில் கொம்பைப் பிடிக்க வந்து நிற்கும். நான் இந்தப் படத்தை இரண்டாவது முறை பார்த்தபோது மிருகத்தைப் பார்க்கவேயில்லை. அதன் முழங்கால் மடங்குவதைத்தான் பார்த்தேன். நூறு கிலோவைச் சுமந்துகொண்டு, ஸ்ரூடியோ லைற்றின் சூட்டில், கண் சரியாகத் தெரியாமல், கால் இடறாமல் ஒரு தெருவைக் கடப்பது எப்படியென்று என் தோளுக்குத் தெரியும். நகஜிமா மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் யானையும் கரடியும் காலெடுத்து வைக்கும் விதத்தைக் கவனித்தாராம். எங்கள் ஆட்களும் ஒருமுறை போயிருக்கலாம்.

அக்கா சொன்னது மனதைத் தைத்தது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்களுக்கு நடந்தவற்றை எல்லாப் படத்திலும் தேடிப்போய் வைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு பெரிய உருவம் ஊரை மிதிக்கிறது என்ற கொண்டாட்டமும் அந்தப் படத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு அது முதலில் கிடைக்கட்டும்.

---

தாதி அக்கா எழுதியது:

கோபமில்லைத் தம்பி. நான் தேடிப்போய் வைக்கவில்லை, அது அங்கேதான் இருந்தது. உங்கள் கோயில் சூரனையும் நான் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனைத் தலையின் ஒரு காது வெடித்திருக்கும், சரிதானே?

---

சூரன் தூக்கி எழுதியது:

சரிதான் அக்கா. இரண்டு வருடத்துக்கு முதல்தான் ஒட்டினோம்.

---

கோண்டாவில் ஒழுங்கை எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அந்த வெள்ளைக்காரர் மெய்யாகவே இருந்தார் என்று தெரிந்ததில் பெரிய நிம்மதி. வடலி ஐயா சொன்னபடி 1956ஆம் ஆண்டுப் பதிப்பையும் தேடிப் பார்த்துவிட்டேன். முதுகு காட்டும் ஆட்களைக் கண்டுபிடித்துச் சிரித்தேன். கசற்றில் நான் கடைசியாகப் பார்த்த இடம், இருவரும் ஏணியால் இறங்கித் தண்ணீருக்குள் மறையும் இடம், முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் மிஞ்சியிருந்தது ஒரு சில நிமிடங்கள்தான். இன்னும் ஒரு கிளாஸ் மண்ணெண்ணெய் இருந்திருந்தால் மாமாவின் முடிவு எனக்குக் கிடைத்திருக்காது. அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் அதை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டிருப்பேன்.

நேற்று இரவு மகளோடு மூலப்படத்தைப் போட்டேன். காட்டுவதென்று முடிவெடுத்தது அக்கா சொன்னதாலா, சூரன் தூக்கும் தம்பி சொன்னதாலா என்று எனக்கே தெரியாது. மலைக்கு மேலால் தலை எழும்பும் இடத்துக்காக நான் காத்திருந்தேன். அவள் அதுவரைக்கும் வரவேயில்லை. கப்பல் எரிந்து சில நிமிடங்களில் ஒரு காட்சி வரும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். கப்பற் கொம்பனியின் கந்தோரில் காணாமற்போனவர்களின் சொந்தக்காரர் கூட்டமாக நின்று, பெயர் வந்துவிட்டதா, ஆட்களை எடுத்துவிட்டார்களா என்று முண்டியடித்துக் கேட்கிறார்கள். பதில் சொல்பவருக்கும் எதுவும் தெரியாது. நான் அதை இரண்டு முறையும் கவனிக்காமல் கடந்திருந்தேன். மகள் படத்தை நிறுத்தச் சொன்னாள். இவர்கள் எல்லோரும் ஏன் அங்கே வந்து நிற்கிறார்கள், வீட்டில் இருந்தால் சொல்லி அனுப்பமாட்டார்களா என்று கேட்டாள்.

கிளாலியில் போட் போன இரவுகளுக்குப் பிறகு, காலையில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சந்திக்குப் போய், போனவர்கள் யாரும் திரும்பி வந்திருக்கிறார்களா என்று சைக்கிளில் வருபவர்களை மறித்து மறித்துக் கேட்பதிலிருந்து தொடங்கினேன். பேசி முடிக்கப் பத்தரையாகிவிட்டது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் இருந்தது. மீதியை வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்றாள்.